வழுநீக்கியின் வழு

மனிதன் சொல்லை ஐயுறும் உலகம் கருவியின் சொல்லை ஐயுறுவதில்லை. கடைக்காரன் எடையிற் குறைத்தான் என்று வழக்காடுவோர் பலர். தராசே கோணியிருக்குமோ என்று அதனைத் தூக்கிப் பார்ப்போர் மிகச் சிலர். நோயாளி தனக்குச் சுரமில்லை என்றால் நாம் நம்புவதில்லை. வெப்பமானி அங்ஙனம் காட்டினால் உடனே நம்பிவிடுகின்றோம். இந்நம்பிக்கை பெரும்பாலும் நன்மையே பயக்கின்றது. கருவியை நம்பாமல் உலகில் ஒரு தொழிலும் நடவாது. ஆயினும், பிழையைக் கண்டுபிடித்தற்கென்றே அமைந்த கருவி தானே பிழைபடுமாயின், அதனால் விளையுங் கேடு ஏனைக் கருவிகளின் பிழையால் விளையுங் கேட்டினும் பன்மடங்கு பெரிது. அத்தகைய கருவியொன்றனைப் பற்றியும், அதன்கண் நேரும் ஒருவகைப் பிழையைப் பற்றியும், அப்பிழையைத் திருத்துவோர் கொள்ளவேண்டிய நெறியைப் பற்றியும் என் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றேன். தமிழ் பயிலும் மாணவன் கணிப்பொறியைப் பற்றி எழுதுவானேன் என்று வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்க. இப்பொருள் இலக்கணத்துக்கு அயலானதன்று என்பது போகப் போக விளங்கும்.

சென்னையினின்றும் பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வார்க்குச் செம்பரம்பாக்கம் எதிர்ப்படும். ஏரியால் பெயர்பெற்ற ஊர் அது. அதற்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்பூதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். ஏரிப் பாய்ச்சலால் நெல் விளைந்த இந்நிலப்பகுதியில் இன்று மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் விளைகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை 1998-ஆம் ஆண்டில் வண்டி செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-ஆம் ஆண்டிலும், டெயிம்லர் சரக்குவண்டித் தொழிற்சாலை 2012-ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. இக்காலத்து வண்டியொன்றனுள் சிறு கணிப்பொறிகள் பல அடங்கியிருக்கின்றன. எரிபொருளை அளந்து விடுவது ஒன்று. தடையிடுங்கால் சக்கரம் சறுக்காமற் காப்பது மற்றொன்று. இவற்றை நடத்தும் ஆணைத்தொகுதிக்கு நிரல் என்று பெயர். மேசையின்மேல் இருக்கும் கணிப்பொறியில் நிரல் பிழைபட்டால் ஒரு கடிதம் கெடும். ஓடுகின்ற வண்டியில் அது பிழைபட்டால் கெடுவது உயிராகவும் இருக்கலாம்.

எண்ணுக்கு இனம் உண்டு என்பதனை அறியச் செம்பரம்பாக்கம் ஏரியே போதிய சான்று. அவ்வேரியின் முழு உயரம் 24 அடி. அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் பெருமழையில் அதனினின்றும் அடையாற்றிற் பாய்ந்த நீர் வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி. இம்மூன்றும் எண்களே. ஆயின் ஒன்று உயரம். ஒன்று நிற்கும் நீரின் பருமன். ஒன்று ஓடும் நீரின் விரைவு. மதகடியில் நிற்பவன் ஒருவன், 'இருபத்துநான்கு' என்று மட்டும் கூவினால் கரையில் உள்ளவன் யாது உணர்வான்? அடி எனக் கொண்டால் ஏரி நிரம்பிவிட்டது. கன அடி எனக் கொண்டால் மதகில் நீர் கசிகின்றது. எண் ஒன்றே, இனம் மாறியமையால் பொருள் தலைகீழாயிற்று.

கணிப்பொறியின் நினைவகத்தினுள்ளே நிலைமை இதனினும் இடர்ப்பாடுடையது. அங்கே அடியும் இல்லை, கன அடியும் இல்லை. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளின் வரிசைகளே உண்டு. முப்பத்திரண்டு குறிகள் கொண்ட ஒரு வரிசையைப் பின்ன எண் என்று கொண்டு படித்தால் அது 1 எனப் பொருள்படும். அவ்வரிசையையே, ஒரு குறியும் மாறாமல், முழுவெண் என்று கொண்டு படித்தால் அது 106,53,53,216 ஆகும். ஒன்று எங்கே, நூற்றாறு கோடி எங்கே! எட்டுக் குறிகளும் ஒன்றாகவே இருக்கும் ஒரு சிறு வரிசை, குறையெண் கொள்ளாத இனத்தில் 255. குறையெண் கொள்ளும் இனத்தில் −1. நம் தமிழெழுத்தும் இதற்கு விலக்கன்று. தகரத்தை யூனிக்கோடு முறைப்படி யு.டி.எஃப்.-8 வடிவிற் பொதிந்தால் 224, 174, 164 என்னும் மூன்று எண்களாய் அமரும். அவற்றை இனம் பிறழ்ந்து படிக்குங்கால் −32, −82, −92 எனத் தோன்றும். அங்ஙனம் தோன்றும்போது அதனைத் தகரமென்று காண்பார் எவருமிலர்.

ஓலைச்சுவடி பார்த்துப் பழகியவர்க்கு இஃது ஒரு புதுமையன்று. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது; நெடிலைக் குறிக்குங் காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்கும். ஆதலின் 'கா' என்பதும் 'கர' என்பதும் ஓலையில் ஒன்றே. இன்னதென்று துணிவது படிப்போன் கடமை. 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், தாம் துணிந்த பாடத்தை அச்சிட்டதோடு அமையாது, பிற சுவடிகளிற் கண்ட வேறுபாடங்களையும் குறித்துச் சென்றனர். தாம் ஊகித்ததனை ஓலை கூறியதாகக் காட்டாமையே அவர்தம் பெருமை என்பது என் எண்ணம். இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

இனி, நிரலை மனிதன் எழுதுவது சி முதலிய மொழிகளில். அதனைப் பொறி அறியும் மொழியாக மாற்றுவது கம்பைலர் எனப்படும் தொகுப்பி. மூலநிரலில், இது முழுவெண், இது பின்னம், இஃது எழுத்து, இது மற்றொன்றன் முகவரி என்று எழுதுவோன் இனங் கூறியிருப்பான். தொகுப்பி அவ்வினங்களையெல்லாம் கருத்திற் கொண்டு பொறியாணைகளை ஆக்கிவிட்டு, ஆக்கிய நிரலினின்றும் இனப்பெயர்களை உதிர்த்துவிடும். பொறிக்கு அவை வேண்டா. மனிதனுக்கு வேண்டும் என்று கேட்டால், அவற்றை ஒரு தனி அட்டவணையாக எழுதி உடன் வைக்கும். அவ்வட்டவணையை எழுதும் முறைகளுள் பெருவழக்காய் உள்ளது டுவார்ஃப் என்பது. அதன் ஐந்தாம் பதிப்பு 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓடுகின்ற நிரலை இடையே நிறுத்தி, அதன் உள்ளிருப்பை நோக்கி, இவ்விடத்தில் இன்ன மதிப்பு உள்ளது என்று நமக்குக் காட்டுங் கருவியே டிபக்கர். அஃது உள்ளே காண்பது வெறுங் குறிவரிசை. அட்டவணையைப் பார்த்தே அதற்குப் பொருள் கூறும். எனவே அதுவும் ஓர் உரையாசிரியனே.

டிபக்கரைத் தமிழில் வழுநீக்கி என்று வழங்குகின்றனர். அப்பெயரை முதலில் இட்டவர் இலக்கணம் அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். நிரற்பிழைக்குப் பூச்சி என்று மொழிபெயர்த்து வைக்காமல், வழு என்னும் பழஞ்சொல்லை எடுத்தாண்டது மிக்க பொருத்தமுடைத்து. தொல்காப்பியக் கிளவியாக்கமும் நன்னூற் பொதுவியலும் பயின்றோர் அறிவர்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பன தத்தம் நெறியிற் பிறழாது நிற்றல் வழாநிலை, பிறழ்தல் வழு, பிறழினும் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுதல் வழுவமைதி. பசுவை அன்பு மிகுதியால் அம்மை என்று உயர்திணையாக்கிக் கூறுதல் வழுவாயினும் அமைக என்பர் ஆசிரியர். ஏனெனில் கூறுவோன் அறியாமையாற் கூறவில்லை. அறிந்தே, மகிழ்ச்சி என்னுங் காரணம் பற்றிக் கூறினான்.

நிரல்மொழியில் ஓர் இனத்து மதிப்பை வேறோர் இனமாகக் கொள்ளுதற்கு டைப் காஸ்டிங் என்று பெயர். (இச்சொல்லைக் கேட்டவுடன் நம் முன்னோர் அச்செழுத்து வார்த்தலையே எண்ணுவர், அதனைப் பற்றியும் பின்னர் ஒரு சொல் உண்டு.) யான் இதனை இனமாற்று என்பேன். எழுதுவோன் வெளிப்படையாக, 'இப்பின்னத்தை முழுவெண்ணாகக் கொள்க' என்று ஆணையிட்டு மாற்றுவானாயின் அது வழுவமைதி. அவன் அறியாமலே மாறிவிடுமாயின் அது வழு. இவ்வேறுபாட்டை இலக்கண வகுப்பிற் கற்றவனுக்கு விளக்க அரைநாழிகையும் வேண்டா.

இடர்ப்பாடு எங்கே உளதெனின், இனமாற்றின் விதிகளைத் தொகுப்பி மட்டுமன்றி வழுநீக்கியும் தனியே அறிந்திருத்தல் வேண்டும் என்பதில் உள்ளது. நிரலை நிறுத்தி வைத்து, 'இம்மதிப்பை எழுத்தினமாக மாற்றினால் யாது வரும்?' என்று நாம் வினவுங்கால், விடை கூறுவது தொகுப்பியன்று. வழுநீக்கியே தன் அறிவால் கணக்கிட்டுக் கூறுகின்றது. அவ்விருவர் இலக்கணமும் ஓரிடத்து மாறுபட்டால், நிரல் ஒன்று செய்யும், வழுநீக்கி வேறொன்று காட்டும். மதிப்பை மாற்றவேண்டிய இடத்தில் மதிப்பை விட்டுக் குறிவரிசையை மட்டும் வேற்றினமாகப் படித்துவிட்டால், 1 என்பது நூற்றாறு கோடியாய்த் தோன்றும். இஃது அப்பட்டமான பிழையாதலின் கண்டோர் உடனே ஐயுறுவர். ஆதலால் தீங்கு குறைவு. அஞ்சத்தக்கது நம்பத்தகுந்த உருவில் வரும் பிழையே. சி மொழியில் எழுத்தினம் குறையெண்ணைக் கொள்ளுமா கொள்ளாதா என்பது அந்தந்தப் பொறிக்கேற்பத் துணியப்படுவது. மேசைக் கணிப்பொறியிற் பெருவழக்காயுள்ள இன்டெல் வகைப் பொறியில் அது குறையெண்ணைக் கொள்ளும். கைப்பேசிகளிலும் கருவிகளின் உட்பொறிகளிலும் மிகுதியாய் வழங்கும் ஆர்ம் வகையில் இயல்பாகக் கொள்ளாது. 200 என்னும் எண்ணை எழுத்தினமாக மாற்றினால் முன்னதில் −56, பின்னதில் 200. தொழிற்சாலைப் பொறியாளர் தம் மேசையிலுள்ள இன்டெல் பொறியில் வழுநீக்கியை இயக்கி, கம்பி வழியே ஆர்ம் பொறியில் ஓடும் நிரலை நோக்குவது அன்றாட வழக்கம். வழுநீக்கி தான் இருக்கும் ஊரின் வழக்கைக் கொண்டு அயலூரார் பேச்சுக்குப் பொருள் கூறிவிட்டால் என்னாகும்? அவ்வெண் இயந்திரத்தின் வெப்பநிலையைக் குறிப்பதென்று கொள்வோம். பொறியாளர் −56 என்று கண்டு, இல்லாத பிழையைத் தேடி மூன்று நாள் அலைவர். உள்ள பிழை அவர்க்குப் பின்னே நின்று நகைக்கும்.

இதுகாறும் கூறியது பொதுவியல்பு. இனி உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். ஜி.டி.பி. என்பது ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1986-ஆம் ஆண்டில் ஆக்கிய வழுநீக்கி. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. எவரும் படிக்கலாம், திருத்தலாம். அதனிடத்து நெடுநாளாக ஒரு பழக்கம் இருந்தது. இன அட்டவணை இல்லாத ஒரு செயற்கூற்றைப் பற்றி வினவினால், அது முழுவெண்ணையே விடையாகத் தரும் என்று தானே கருதிக்கொண்டு விடை கூறிவிடும். இப்பழக்கத்துக்கு மூலம் சி மொழியின் பழைய வழக்கு. பண்டைச் சி மொழியில், இனங் கூறப்படாத செயற்கூறு முழுவெண் தருவதாகவே கொள்ளப்பட்டது. 1999-ஆம் ஆண்டின் தரநிலை அவ்வழக்கை நீக்கிவிட்டது. மொழி கைவிட்ட பின்னரும் வழுநீக்கி அதனைக் கைவிடவில்லை. மருமகள் மாற்றிய சமையலை மாமியார் ஏற்காதது போலும்!

முகவரியும் முழுவெண்ணும் முப்பத்திரண்டு குறியாகவே இருந்த பொறிகளில் இவ்வூகம் பெரும்பாலும் தீங்கு செய்யவில்லை. முகவரி அறுபத்துநான்கு குறியாக வளர்ந்த பொறிகள் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சூழல்மாறி ஒன்றன் மதிப்பைத் தரும் கெட்என்வ் என்னும் செயற்கூறு உண்மையில் தருவது ஒரு முகவரி. வழுநீக்கி அதனை முழுவெண் எனக் கருதி, மேற்பாதியை வெட்டியெறிந்து கீழ்ப்பாதியை மட்டும் காட்டும். கடிதத்தின் மேல்விலாசத்தில் ஊர்ப்பெயரைக் கிழித்துவிட்டுக் கதவிலக்கத்தை மட்டும் அஞ்சற்காரன் கையிற் கொடுத்ததை ஒக்கும் இது. வர்க்கமூலங் காணும் செயற்கூற்றை அழைத்தாலோ, பின்னமாய் வரவேண்டிய விடை பொருளற்ற ஒரு முழுவெண்ணாய் வந்து நிற்கும். கற்கும் மாணவர் பலர் தம் நிரலே பிழையென்று எண்ணி மயங்கினர்.

2018-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெளிவந்த 8.1-ஆம் பதிப்பில் இவ்வழு திருத்தப்பட்டது. திருத்திய முறையே ஈண்டு நோக்கற்பாலது. முன்னினும் நுட்பமாக ஊகிக்கும் வழியொன்றை அவர்கள் தேடவில்லை. ஊகித்தலையே ஒழித்தனர். இப்பொழுது அதே வினாவை வினவினால், 'இச்செயற்கூறு தரும் இனம் எனக்குத் தெரியாது; அதன் இனம் இன்னதென்று நீயே கூறி வினவுக' என்னும் பொருள்பட விடை வருகின்றது. அட்டவணையில் இடம்பெறாத மாறிகளுக்கும் அஃதே விதி. வினவுவோன் இனத்தைக் கூறினால் அதன்படி காட்டுகின்றது. அவன் தவறாகக் கூறினால் பொறுப்பு அவனுடையது. வழுவை அமைதியாக்குவது கூறுவோன் கருத்தேயன்றிக் கேட்போன் ஊகமன்று என்னும் நம் இலக்கண நெறி இதன்கண் நிறைவேறியது கண்டு யான் மகிழ்ந்தேன். அக்கருவியைத் திருத்தியோர் நன்னூல் கற்றவரல்லர் என்பதும் அறிவேன்.

இத்திருத்தத்தை விரும்பாதாரும் உளர். அவர் கூறுவது இது: 'முன்னர் ஏதோ ஒரு விடையாவது கிடைத்தது. நூற்றுக்குப் பெரும்பகுதி அது சரியாகவே இருந்தது. இப்பொழுதோ ஒவ்வொரு முறையும் இனத்தை எழுதவேண்டியிருக்கின்றது. நாம் எழுதி வைத்திருந்த ஆணைத்தொடர்களும் நின்றுபோயின. நள்ளிரவில் நின்றுபோன பொறியின் முன் அமர்ந்திருப்பவனுக்கு இலக்கணம் கற்பிப்பதா கருவியின் வேலை?' இவ்வழக்கு எளிதில் தள்ளத்தக்கதன்று. கருவி என்பது உழைப்பைக் குறைத்தற்கு ஏற்பட்டது. பண்டிதர் போலத் தொட்டதற்கெல்லாம் சூத்திரம் கேட்குமாயின் அதனை யாரும் கையில் எடார். சரியாக ஊகித்த பல இடங்களில் அஃது உழைப்பைக் குறைத்தது என்பதும் மெய்யே.

ஆயினும் யான் அவரோடு உடன்படேன். நூறு விடைகளுள் தொண்ணூறு மெய்யாய்ப் பத்துப் பொய்யாய் இருப்பின், பொய்யான பத்து எவையென்று குறித்திருந்தாலன்றி நூறுமே பயனற்றன. குறித்திருந்தால் தொண்ணூறும் பயன்படும். நள்ளிரவில் அமர்ந்திருப்பவனுக்கு வேண்டுவது விடையன்று. தான் நிற்கத்தக்க தரை. அவன் ஒவ்வொரு மதிப்பையும் படியாகக் கொண்டு பிழையிருக்கும் இடத்துக்கு இறங்குகின்றான். படியில்லாத இடத்திற் படியிருப்பதாகக் காட்டும் விளக்கைவிட, அவ்விடத்து இருளாகவே இருக்கும் விளக்கு நன்று. இருளைக் கண்டவன் காலை ஊன்றான். இதே ஜி.டி.பி., தொகுப்பி சுருக்கியெழுதியமையால் மதிப்பு எங்கும் எஞ்சவில்லையாயின், அது நீக்கப்பட்டுவிட்டது என்று நேர்மையாகவே கூறிவிடும். அதனை யாரும் குறைகூறக் கேட்டிலேன். அங்கே பொறுத்துக்கொள்ளும் மௌனத்தை இங்கே ஏன் பொறுத்தல் ஆகாது?

இனம் பிறழப் படித்தலின் விளைவு எத்துணைப் பெரிதாகக் கூடும் என்பதற்கு ஏரியான்-5 என்னும் ஏவூர்தியே கரி. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூவினின்றும் முதன்முறையாக எழுந்த அது, ஏறத்தாழ 40 வினாடிகளில் வானிலேயே வெடித்துச் சிதறியது. அறுபத்துநான்கு குறிகொண்ட பின்னமொன்றைப் பதினாறு குறிகொண்ட முழுவெண்ணாக மாற்ற முயன்றதே தொடக்கம். பதினாறு குறியில் அடங்கும் பேரெண் 32,767. வந்த எண் அதனைக் கடந்தது. அந்நிரல் முந்திய ஏரியான்-4 ஊர்தியினின்றும் எடுத்தாளப்பட்டது. முன்னதன் வேகத்தில் அவ்வெண் ஒருகாலும் அவ்வளவு பெருகியதில்லை. இத்தகைய இடர்க்கு இடமான மாறிகள் ஏழு இருந்தன. கணிப்பொறியின் சுமை நூற்றுக்கு எண்பதைத் தாண்டலாகாது என்று கருதி நான்குக்கே காவல் இட்டு மூன்றை விட்டுவிட்டனர். இவையெல்லாம் பலரும் எடுத்துக் கூறுபவை. பலர் கூறாது விடுவது ஒன்றுண்டு. என் வழக்குக்கு அதுவே உயிர். மாற்றத் தவறிய திசையறி கருவி உடனே செயலிழந்து, தனக்கு நேர்ந்த பிழையைக் குறிக்குஞ் செய்தியொன்றை அனுப்பியது. தலைமைக் கணிப்பொறி அச்செய்தியைப் பிழைச்செய்தி என்று அறியாமல், பறப்பின் திசையைக் குறிக்கும் எண் என்றே படித்தது. ஊர்தி திசைமாறிவிட்டதென மயங்கிப் பீறுவாய்களை முற்றுந் திருப்பியது. ஊர்தி அதனைத் தாங்காது முறிந்தது. 'எனக்குத் தெரியாது' என்று ஒரு கருவி கூறியதனை மற்றொரு கருவி விடையாகவே கொண்டுவிட்டது. ஆகவே, தெரியாமையைக் கூறினால் மட்டும் போதாது. அதனை விடையென்று மயங்க இடமில்லாத வடிவில் கூறுதலும் வேண்டும். ஏதேனும் ஓர் எண்ணை அடையாளமாகத் தந்து, 'இவ்வெண் வந்தால் தெரியாது என்று பொருள்' என வைக்கும் வழக்கம் நிரலெழுதுவோரிடத்து இன்றும் உண்டு. அது தீய வழக்கம் என்பேன்.

வழுநீக்கியைத் திருத்தப் புகுவோர் செய்யும் மற்றொரு பிழையையும் சொல்லிவிடல் நன்று. பின்ன இனத்தில் ஒரு தவறு கண்டதாக ஒருவன் முறையிடுவான். திருத்துவோன் அவ்வோர் இனத்துக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதி ஒட்டுப்போட்டு விடுவான். அடுத்த திங்கள் வேறோர் இனத்தில் அதே தவறு தலைதூக்கும். அதற்கும் ஓர் ஒட்டு. இங்ஙனம் சில ஆண்டு சென்றபின் அந்நிரலைப் படிப்பவன், விதி யாது, விலக்கு யாது என்று அறியாமல் திகைப்பான். எல்லா இனமாற்றுக்கும் பொதுவாகிய விதி ஓரிடத்தே எழுதப்படுதலும், அவ்விதி தொகுப்பியின் விதியோடு ஒத்திருக்கின்றதா என்று சிறு நிரல்களைத் தொகுத்து ஓயாது சோதித்தலும் வேண்டும். ஒரே இனமாற்றை நிரலுக்குள் எழுதித் தொகுப்பி தரும் விடையையும், நிறுத்தி வைத்து வழுநீக்கி தரும் விடையையும் அருகருகே வைத்து நோக்குக. வேறுபட்டால் வழு உள்ளது. இச்சோதனைக்குப் பேரறிவு வேண்டா, பொறுமையே வேண்டும். திருத்தியதை விட்டுவிடாது அச்சோதனையைக் கருவியோடு சேர்த்தே வைத்தால், பின்வருவோன் அறியாமற் கெடுத்தாலும் அன்றே வெளிப்படும். இவ்வேலைக்குப் புகழ் இல்லை. புதுமை செய்தவன் பெயரை உலகம் அறியும். தராசின் முள்ளை நேராக்கியவன் பெயரை அறியாது.

இது நமக்கு என்ன ஆகும் என்பார்க்கு ஒன்று கூறுவேன். ஸ்ரீபெரும்பூதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006-ஆம் ஆண்டில் தொடங்கி, 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளோடு உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர், அவருட் பெண்மக்கள் மிகப் பலர், வேலையிழந்தனர். அவர்கள் கையில் இருந்த திறமை மெய்யான திறமையே. ஆயினும் அது அந்தத் தொழிற்சாலையின் மேசையோடு கட்டுண்ட திறமை. மேசை போனபோது திறமைக்கும் இடம் போயிற்று. கருவியின் உள்ளிருப்பை அறிந்து அதனைத் திருத்தவல்லோனுக்கு அவ்விடர் குறைவு. கருவி எவ்வூரில் இருப்பினும் அதன் மூலநிரல் அவன் வீட்டிலும் உள்ளது. ஆனால் நம்மவர் நிரலெழுதக் கற்கின்றனரேயன்றி வழுநீக்கியைக் கையாளக் கற்பது அரிது. பிழை நேர்ந்தால் நிரலின் இடையிடையே மதிப்பை அச்சிடும் ஆணைகளைச் செருகிப் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். வழுநீக்கி தரும் விடை சரியா என்று ஐயுறுதல் அதற்கும் அப்பாற்பட்ட படி. ஒரகடத்தில் நாள்தோறும் ஆயிரம் வண்டி செய்தாலும், அவ்வண்டியின் உள்நிரலைச் சோதிக்குங் கருவியை அயலார் திருத்தித் தரும்வரை காத்திருப்போமாயின், நாம் தொழில் கற்றவராகோம்.

முன்னர்க் குறித்த அச்செழுத்துக்கு வருவோம். தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயரின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்தினின்றும் தமிழ் எழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. 1713-ஆம் ஆண்டில் அவற்றைக் கொண்டு இங்கே அச்சிடத் தொடங்கினர். அவ்வெழுத்துகள் மிகப் பெரியனவாதலின் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. அதற்காக அச்சிடுதலை நிறுத்தினாரல்லர். ஹாலேயினின்றும் வேறெழுத்து வரட்டும் என்று வாளா இருந்தாருமல்லர். சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர். அந்த டைப் காஸ்டிங் நம் கரையில் நடந்தது. இந்த டைப் காஸ்டிங் நடத்தற்குத் தடை யாது? ஈயம் உருக்கவும் வேண்டா, அச்சு வெட்டவும் வேண்டா.

நம் கல்லூரியிற் கணிப்பொறி பயிலும் மாணவர்க்கு வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றேன். தமிழ் மாணவருள் விரும்புவோரையும் அதிற் சேர்த்தல் வேண்டும்; திணை பால் உணர்ந்தோர் இனமும் உணர்வர். செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரை வேலையில் அமர்ந்திருக்கும் முன்னாள் மாணவர் சிலரேனும் திங்கட்கு ஒருமுறை வந்து தம் அனுபவத்தைக் கூறுவாராயின் பெரும்பயன் விளையும். முதல் நாட் பயிற்சியாக, தகரத்தை நினைவகத்தில் இட்டு, அதனைச் சொல்லாகவும், குறையெண் கொள்ளும் இனமாகவும், குறையெண் கொள்ளாத இனமாகவும் வழுநீக்கியிடம் வினவிப் பார்க்கலாம். சில வேளைகளில் அஃது எழுத்தைக் காட்டாமல் 340, 256, 244 என்று எட்டடிமான எண்களாகவே காட்டும். ஏன் அங்ஙனம் காட்டிற்று, எந்த அமைப்பை மாற்றினால் தகரமாகவே காட்டும், மாற்றியும் காட்டாவிடின் பிழை யாரிடத்து என்று ஆராய்வதற்கு அவ்வொரு மணி நேரம் போதாது.